எம்புட்டு ஆச்சு?

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒருவர் பின்னால் வந்து என் தோளைத் தட்டினார். நான் அப்போது விமானத்தைத் தரையிறக்கிக்கொண்டிருந்தேன். ஒன்பது அடி இறக்கை, முப்பது சிசி பெட்ரோல் எஞ்சின், ஏறக்குறைய எட்டு கிலோ எடை. வற்றிக் கிடக்கும் கண்மாய்க்குள் நேராக என்னைப் பார்த்து வந்துகொண்டிருந்தது. நம்மை நோக்கி வரும் விமானத்துக்கு அதன் இடது நமக்கு வலது. கட்டைவிரல் இதை ஒரு நொடி மறந்தால் இறங்குமிடம் கண்மாய்த் தரையாக இருக்காது, கரையில் நிற்கும் சீமைக்கருவேலமாக இருக்கும். தட்டியவர் கேட்டார்: "ஏண்ணே, இது எம்புட்டு ஆச்சு?"

நான் ஈர்ப்பு மையத்தைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். மாதிரி விமானம் கட்டுகிறவர்களுக்கு அதைவிட உபயோகமான விஷயம் கிடையாது. அதற்கு வருகிறேன். முதலில் இந்தக் கேள்வியை முடித்துவிடலாம்.

இதைக் கேட்பவர்களில் பல ரகம். நேராகக் கேட்பவர்கள் உத்தமர்கள், அவர்களை மன்னிக்கலாம். சுற்றி வளைப்பவர்கள்தான் ஆபத்து. "பெட்ரோலா, பேட்டரியா?" என்று ஆரம்பிப்பார்கள். ஆகா, விஷயம் தெரிந்த ஆள் என்று நாமும் உற்சாகமாகி, பெட்ரோலில் ஆயில் கலக்கும் விகிதம் வரை விளக்குவோம். "ரிமோட் எவ்வளவு தூரம் எடுக்கும்?" என்பார்கள். ரிமோட்டின் சக்தியைக் குறைத்து வைத்துக்கொண்டு நடந்து பார்த்துச் சோதிக்கும் முறையைச் சொல்வோம். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, "அப்ப எல்லாம் சேர்த்து எம்புட்டு ஆகியிருக்கும்?" என்று கரையேறுவார்கள்.

விலையைத் தாங்களே போடுகிறவர்கள் அடுத்த ரகம். "ஒரு அஞ்சு இருக்குமா?" ஐந்நூறா, ஐயாயிரமா, ஐந்து லட்சமா என்று சொல்ல மாட்டார்கள். நாம் தலையாட்டினால் மாட்டினோம். இல்லை என்றால், "பத்தா?" என்று ஏலம் தொடரும்.

மாட்டுக் கணக்குக்காரர்கள் எங்கள் ஊருக்கே உரியவர்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் எந்தப் பணமும் கடைசியில் பாலாகித்தான் தீரும். "இந்தக் காசுக்கு ஒரு கறவை மாடு வாங்கிக் கட்டியிருந்தா, தினம் பத்து லிட்டர் பால், அதைக் கோவாவாக் கிண்டினா..." என்று கண்மாய்க் கரையிலேயே அடுப்பு மூட்டிவிடுவார்கள். எங்கள் பால்கோவாவுக்கு 2019-இல் புவிசார் குறியீடு வேறு கிடைத்துவிட்டது. அதற்குப் பிறகு இவர்கள் கணக்கில் லாபம் இன்னும் கூடியிருக்கிறது. ராஜபாளையத்துக்காரர் வந்தால் மாட்டுக்குப் பதில் நாய்க்குட்டி, அவ்வளவுதான் வித்தியாசம்.

இன்னொருவர் இருக்கிறார், மச்சானை வைத்திருப்பவர். "எம்மச்சான் ஆன்லைன்ல ஆயிரத்து ஐந்நூறுக்கு வாங்கியிருக்கான். நாலு காத்தாடி, கேமராவும் இருக்கு. உங்களோடதுல கேமரா இருக்கா?" இல்லை. "அப்ப எதுக்கு?" இந்த 'எதுக்கு'க்குப் பதில் சொல்லத்தான் மனிதன் தத்துவம் படிக்கிறான் என்று நினைக்கிறேன்.

ஒருநாள் காக்கிச் சட்டைக்காரர் ஒருவர் வண்டியை ஓரங்கட்டினார். இந்த நாளுக்காகத்தான் தயாராக இருந்தேன். ட்ரோன் விதிகள் 2021 என்று ஆரம்பித்தேன். 250 கிராம் வரை நானோ, 2 கிலோ வரை மைக்ரோ, 25 கிலோ வரை சிறியது என்று அடுக்கினேன். பொழுதுபோக்குக்காகக் கண்ணுக்கு எட்டிய தூரத்துக்குள் விடும் 25 கிலோவுக்கு உட்பட்ட மாதிரி விமானத்துக்கு வகைச் சான்றிதழ் தேவையில்லை என்றேன். பச்சை மண்டலத்தில் 400 அடி வரை பறக்கலாம் என்றேன். பொறுமையாகக் கேட்டார். பைல் கொண்டுவந்திருக்கிறேன், காட்டட்டுமா என்றேன். "அதெல்லாம் வேணாம் சார்," என்று இறக்கையைத் தடவிப் பார்த்தார். "எம்புட்டு சார் ஆச்சு?"

விமானத்தோடு நிற்கிற வியாதியில்லை இது. வீடு கட்டினால் சதுர அடிக்கு எவ்வளவு, பெண்ணைக் கொடுத்தால் எத்தனை பவுன், பையன் சேர்ந்த காலேஜுக்கு எவ்வளவு அழுதீர்கள்? துக்க வீட்டில் மாலையைப் போட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்ததும், குரலைத் தாழ்த்தி, "ஆஸ்பத்திரிக்கு எம்புட்டு ஆச்சு?" அங்கே விசாரித்தவரே இங்கே கண்மாய்க்கும் வருகிறார். ஒருமுறை கருவேலத்துக்குள் விமானம் போய், முள்ளில் இறக்கை கிழிந்து தொங்கியபோது முதலில் ஓடி வந்தவரும் அவர்தான். மனசு நெகிழ்ந்துவிட்டது. "எம்புட்டு போச்சு?" என்றார்.

வரலாறும் அவர் பக்கம்தான் நிற்கிறது என்பது இன்னும் எரிச்சல். 1903 டிசம்பர் 17-இல் ரைட் சகோதரர்கள் முதலில் பறந்தது 12 வினாடி, 120 அடி. 192 அடி என்று சொல்லப்படும் எங்கள் ஊர்க் கோயில் கோபுரத்தைப் படுக்கவைத்தால் அதன் முக்கால் தூரம்கூட அவர்கள் தாண்டவில்லை. ஆனால் விமான வரலாற்றைப் பேசுகிறவர்கள் உடனே எதற்குப் போகிறார்கள்? அவர்களுக்கு ஆயிரம் டாலருக்கும் குறைவாகத்தான் ஆனது, போட்டியாளர் லாங்லிக்கு அமெரிக்க ராணுவத் துறை கொடுத்ததோ 50,000 டாலர் என்பதற்கு. லாங்லியின் விமானம் ஒன்பது நாள் முன்னால் பொடோமக் ஆற்றில் விழுந்தது. கரையில் யாரோ ஒருவர் அவரிடமும் கேட்டிருப்பார்.

கேட்காமல் விடப்பட்டவர்களும் உண்டு. நடிகர் அஜித் குமார் மாதிரி விமானம் விடுகிறவர். 2018-இல் சென்னை எம்.ஐ.டி.யின் தக்‌ஷா மாணவர் குழுவுக்கு ஆலோசகராக இருந்தார். அவர் கையில் ரிமோட் இருந்தால் விசில் பறக்கிறது. அதையே நான் பிடித்திருந்தால், "ரிட்டயர் ஆயிட்டீகளாண்ணே?" என்கிறார்கள். ஆண்டாள் கோயிலில் கருடாழ்வார் கருவறைக்குள்ளேயே ஆண்டாளுக்கும் ரங்கமன்னாருக்கும் பக்கத்தில் நிற்கிறார். மற்ற கோயில்களில் எதிரே நிற்கிறவர் இங்கே கூடவே நிற்கிறார். பறக்கிறவர்களுக்கு இந்த ஊர் கொடுத்த மரியாதை அவரோடு முடிந்துவிட்டது.

சரி, ஈர்ப்பு மையம்.

பைப்பர் கப் விமானத்தின் இறக்கை 10.7 மீட்டர். நான் கட்டியது அதில் நாலில் ஒன்று. பால்சா மரத்தில் விலா விலாவாக அறுத்து, ஒட்டி, மேலே மஞ்சள் பிலிமைப் போட்டு இஸ்திரிப் பெட்டியால் தேய்த்தால் சுருக்கம் போய் முரசுத் தோல்போல் விறைக்கும். (இஸ்திரிப் பெட்டி யாருடையது என்பது வீட்டு விவகாரம்.) பிறகு இறக்கையின் முன் விளிம்பிலிருந்து அதன் அகலத்தில் கால் பங்குக்கும் மூன்றில் ஒரு பங்குக்கும் இடையே அடியில் விரலைக் கொடுத்துத் தூக்க வேண்டும். மூக்கு லேசாகத் தாழ்ந்து நின்றால் நல்லது. மூக்கு கனத்தால் சுமாராகப் பறக்கும், வால் கனத்தால் ஒரே ஒரு தடவை பறக்கும் என்பார்கள். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்கிறோமே, அம்மிக்கு வால் கிடையாது, அதனால் பறக்கும்.

ஒன்பது அடி இறக்கையை ஒற்றை ஆளாகத் தூக்க முடியாது. ஒரு பக்கம் நான், மறுபக்கம் என் மனைவி. வால் தாழ்ந்தது. மூக்கில் ஈயக்குண்டு வைத்தேன். அப்போதும் தாழ்ந்தேதான் இருந்தது. இன்னொன்று வைத்தேன். முக்கியமான கட்டம், இங்கேதான் அந்த நுட்பம் இருக்கிறது. விரலை எடுக்காமல் என் மனைவி கேட்டாள்:

"இந்தக் குண்டு ஒண்ணு எம்புட்டுங்க?"

குண்டின் விலையைச் சொன்னால் எஞ்சின் விலைக்குப் போவாள், எஞ்சினிலிருந்து ரிமோட்டுக்கு. வீட்டில் சொல்லியிருக்கும் தொகைக்கும் பில்லில் இருக்கும் தொகைக்கும் நடுவே உள்ள தூரத்தை அந்த விமானத்தாலேயே கடக்க முடியாது. பேச்சை மாற்றினேன், விரலும் நகர்ந்தது. ஈர்ப்பு மையம் அதோடு போயிற்று, நுட்பத்தை இன்னொரு சந்தர்ப்பத்தில் சொல்கிறேன்.

எனக்குள்ள குறை இவ்வளவுதான். இத்தனை பெரியது எப்படி மேலே நிற்கிறது, எஞ்சின் நின்றால் என்ன செய்வாய், பயமாக இல்லையா என்று இதுவரை ஒருவர்கூடக் கேட்டதில்லை. விலையைத் தெரிந்துகொண்டதும் முகத்தில் ஒரு நிம்மதி வருகிறது. அதன்பிறகு தலைக்கு மேலே பறந்தாலும் அண்ணாந்து பார்ப்பதில்லை. விலை தெரிந்த பொருளை நாம் பார்த்துமுடித்துவிட்டோம்.

நீங்களும் கடைசிப் பத்தியில் தொகை வரும் என்றுதான் இதுவரை படித்திருக்கிறீர்கள், தெரியும். வராது. ஞாயிற்றுக்கிழமை காலையில் காற்று எழும் முன் கண்மாய்க்கு வாருங்கள். எஞ்சினைச் சூடேற்றும்போது வாலைப் பிடித்துக்கொள்ள எனக்கு ஆள் தேவை. வேட்டி மட்டும் வேண்டாம். வாலருகே அடிக்கிற எஞ்சின் காற்றில் அது நிற்காது.