நிமோனியாவை டாக்டர் பாத்துக்கிட்டாரு, சொந்தக்காரனை நீ பாத்துக்கோ

வா மருமவனே, உக்காரு. ஒங்கய்யாவை ஆஸ்பத்திரியில இருந்து கூட்டியாந்து ஒரு வாரம் ஆகலை, அதுக்குள்ள ‘இன்னும் எந்திரிச்சு நடமாடலையே’ன்னு மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கியாமே. நிமோனியா என்ன கால்ல தச்ச முள்ளா, பிடுங்குன கையோட ஓடுறதுக்கு? காய்ச்சல் ஒரு வாரத்துல விடும். நெஞ்சு வலியும் சளியும் அடங்க 4 வாரம், இருமலும் இளைப்பும் குறைய 6 வாரம். அசதி 3 மாசம் கூட நிக்கும். வயசாளிக்கு இன்னும் இழுக்கும்.

‘காய்ச்சல்தான் விட்டுட்டே, இனி மாத்திரை எதுக்கு’ன்னு கேட்டானாம் ஒஞ் சித்தப்பன். நல்ல யோசனை. சாகாம கெடக்கிற கிருமிக்கு வெத்தல பாக்கு வச்சு அழைப்பும் குடுத்திரச் சொல்லு. எழுதின நாள் வரைக்கும் மாத்திரை போகணும்ப்பா.

இருமுதாரேன்னு நீயா கடையில சிரப்பு வாங்கியாந்திருக்க. உள்ள கெடக்கிற சளி வெளிய வர வேற வாசல் வச்சிருக்கியா? இருமட்டும். வெந்நி குடு. இருதயக் கோளாறு, கிட்னிக் கோளாறு உள்ள ஆளுன்னா தண்ணிக்கு டாக்டர்ட்ட அளவு கேட்டுக்கோ.

ஆஸ்பத்திரியில குடுத்த மூணு பந்து டப்பாவை வச்சு ஒம் பய விளையாடுதான். அவன்ட்ட இருந்து பிடுங்குனா, மச்சான் அதை வாயில வச்சு ஊதுதாரு! ஊதுறதுக்கில்லை, உறிஞ்சுறதுக்கு. மெதுவா மூச்சை உள்ள இழுத்து, பந்தைக் கொஞ்சம் மேல நிக்க வச்சு, பெறவு விடணும். பகல் முழுக்கப் படுக்க விடாதே. சாஞ்சு உக்காரட்டும், வீட்டுக்குள்ள நாலெட்டு நடக்கட்டும். படுத்த வாக்குல கஞ்சி ஊத்துனா வயித்துக்குப் போறது நுரையீரலுக்குப் போயிரும், மறுபடி முதல்ல இருந்து ஆரம்பிக்கணும்.

கஞ்சின்னதும் ஞாபகம் வருது. ஒங்கம்மா எந் தங்கச்சிதான், ஆனாலும் சொல்லுதேன். வெறுங்கஞ்சியில ஒடம்பு தேறாது. முட்டை, பருப்பு, மீன் குழம்பு போடச் சொல்லு.

பாக்க வாறவங்க ஆப்பிளும் ஹார்லிக்ஸும் கொண்டாருவாங்க. கூடவே ‘எங்க பெரியப்பாவுக்கும் இதேதான், பத்தே நாள்ல போயிட்டாரு’ன்னு ஆறுதலும் கொண்டாருவாங்க. ஆப்பிளை வாங்கிக்கிட்டு ஆளைத் திண்ணையோட அனுப்பு. சளி பிடிச்சவன்னா தெருவோட. (ஆப்பிள் மிஞ்சுனா எனக்குப் பல்லு இல்லாட்டியும் தங்கச்சி நறுக்கித் தருவா.) சாம்பிராணி, கொசுவத்தி, அடுப்புப் புகை எதுவும் அவரு அறைப் பக்கம் அண்டக்கூடாது.

இனி விளையாட்டில்லை, கேளு. காய்ச்சல் திரும்பினா, சளியில ரத்தம் பட்டா உடனே டாக்டர்ட்ட போ. சும்மா உக்காந்திருக்கையிலயே மூச்சு வாங்கினா, உதடு நீலம் பூத்தா, விரல்ல மாட்டுற ஆக்சிஜன் மிஷின் 92க்குக் கீழ காட்டினா, பேச்சு குழம்பினா, நடுராத்திரின்னாலும் 108க்குப் போன் போடு. வயசாளிக்குச் சில நேரம் காய்ச்சலே இல்லாம குழப்பம் மட்டும் வரும். ‘அவரு எப்பவும் அப்படித்தானே’ன்னு இருந்துராதே. 6 வாரம் கழிச்சு எக்ஸ்ரே மறுபடி எடுக்கணுமா, நிமோனியா ஊசியும் ஃப்ளூ ஊசியும் எப்பப் போடலாம்னு கேட்டு வச்சுக்கோ.

ஒண்ணு மறந்துட்டேன். பீடிக்கட்டு எங்கன்னு மச்சான் கேட்டா, மாமா எடுத்துட்டுப் போயிட்டாருன்னு சொல்லு. பொய்யில்லை, மடியிலதான் இருக்கு.