ராஜாளி விட்டுப்போன பசை

அன்புள்ள அத்தானுக்கு,

வண்ணார்பேட்டையில் உங்க ரேடியம் கடை நல்லா ஓடுதா? நீங்க ஸ்டிக்கரை ஒட்டிப் பிழைக்கிறீங்க. துபாயில் நான் அதை உரிச்சே ஓய்ஞ்சிட்டேன்.

செகண்ட் ஹேண்டில் ஒரு சிவப்புக் கார் வாங்கியிருக்கேன். இஞ்சின் குறை சொல்ல முடியாது. ஆனா பழைய ஓனர் பெரிய தேசபக்தர். 1971 டிசம்பர் 2-ல் ஆறு அமீரகமும் ஒண்ணா ஒட்டிக்கிட்டு நாடாச்சு. ராசல் கைமா மட்டும் 1972 பிப்ரவரியில் வந்து ஒட்டிக்கிச்சு. அந்தத் தேசிய தினத்துக்குக் காரை ஜோடிக்கிறது இங்கே வழக்கம். இவர் பானெட் நிறைய ராஜாளியை ஒட்டி, அதோடவே என் தலையில் கட்டிட்டார்.

இந்த வெயிலில் வினைலை வளைய வைக்கிற சத்தெல்லாம் போயிருது. பிய்ச்சா மேல்தாள் பொருபொருன்னு உதிருது, பசை பெயிண்டிலேயே குடியிருக்கு.

ரூமில் ஆளுக்கொரு வைத்தியம். கடையநல்லூர்க்காரர் தின்னர் போடுங்கன்னார். இன்னொருத்தர் நெயில் பாலிஷ் ரிமூவர். ரெண்டும் பெயிண்டுக்கு மேலே இருக்கிற கிளியர் கோட்டைத் தின்னுரும். மூணாவது ஆள் பிளேடோடயே வந்துட்டார். அவரை டீ வாங்க அனுப்பிவெச்சேன்.

இதுக்குன்னே ஆரஞ்சுத் தோல் எண்ணெயில் மருந்து விக்காங்க. விலையைப் பார்த்ததும் அம்மா ஞாபகம்தான் வந்துச்சு. குற்றாலத்துப் பலாப்பழம் வந்தா, கத்தியிலயும் கையிலயும் எண்ணெய் தடவாம யாரையும் தொட விடமாட்டாளே! பாலோ பசையோ, எண்ணெய்க்குத்தான் இளகும். தலைக்கு வெச்சிருந்த தேங்காய் எண்ணெயைக் காருக்கு வெச்சேன்.

முதல்ல மண் போகக் கழுவணும், இல்லைன்னா துடைக்கிற துணியே கீறல் போட்டுரும். பிறகு ஹேர் டிரையரில் சூடு காட்டி, ஓரத்தை மடக்கி மெதுவா இழுக்கணும். மிஞ்சின பசையில் எண்ணெயைத் தடவி ஊறவிட்டு, காலாவதியான ஏடிஎம் கார்டால் தள்ளி, பழைய பனியனால் துடைச்சேன். கடைசியில் ஷாம்பு போட்டு எண்ணெயை எடுத்தாகணும். விட்டா பாலைவனமே வந்து ஒட்டிக்கிடும்.

கழுவுறதுதான் பெரிய பாடு. அழுக்குக் காரைத் தெருவில் போட்டு வெச்சா மாநகராட்சி 500 திர்ஹம் அபராதம் போடும். சரின்னு தெருவிலேயே கழுவினா அதுக்கும் அபராதம். ஊரில் வேனை நேரா தாமிரபரணியில் இறக்குவோம். (அது நல்ல பழக்கம்னு நான் சொல்லலை, அத்தான். 2018 புஷ்கரத்துக்கு அத்தனை கூட்டம் முங்கின ஆறு.)

பசை சுத்தமாப் போயிருச்சு. ராஜாளிதான் போகலை. சுத்தி இருக்கிற பெயிண்ட் வெயிலில் வெளிறிக் கிடக்க, ஸ்டிக்கர் மறைச்ச இடம் மட்டும் இறக்கையை விரிச்சுப் புதுச் சிவப்பாப் பளபளக்குது. அளவெடுத்து அனுப்பியிருக்கேன். அதை மறைக்கிற மாதிரி நெல்லையப்பர் கோவில் கோபுரம் ஒண்ணு வெட்டி, வாறவங்க கையில் கொடுத்துவிடுங்க. இறக்கை அகலம் ஜாஸ்தி, கோபுரம் பத்தலைன்னா தேரையும் சேர்த்துக்கிடுங்க. பசை மட்டும் உங்க கடை ரகம் வேண்டாம்.

அக்காவைக் கேட்டதாச் சொல்லுங்க.

இப்படிக்கு,
உங்கள் மச்சினன்