செம்பருத்தியில் ஓடும் வெள்ளைப் புழு

கே: பொறிவண்டின் புள்ளிகளை எண்ணினால் அதன் வயது தெரியுமாமே? (திருப்பரங்குன்றம்)

ப: தெரியாது. புள்ளி ஆயுசுக்கும் அதேதான்.

கே: செம்பருத்தி முழுக்க மாவுப்பூச்சி. நடுவில் பெரிய வெள்ளைப் பூச்சி ஒன்று ஓடுகிறது. எந்த மருந்து அடிக்கலாம்? (செல்லூர்)

ப: பாட்டிலைக் கீழே வையுங்கள் முதலில்! ‘ஓடுகிறது’ என்று எழுதினீர்களே, அந்தச் சொல்தான் அதன் உயிரைக் காப்பாற்றியது. வளர்ந்த மாவுப்பூச்சி ஓடாது. சாற்றை உறிஞ்சிக்கொண்டு கிடக்கும். ஓடுவது அதைத் தின்ன வந்த கிரிப்டோலேமஸ் பொறிவண்டின் புழு. லென்ஸ் வைத்துப் பாருங்கள்: உடம்பெல்லாம் நீள நீளமாக மெழுகுச் சுருள். பெரிதானால் 4 மில்லிமீட்டர் வண்டு. கறுத்த முதுகு, ஆரஞ்சுத் தலை, ஒரு புள்ளிகூடக் கிடையாது. தாய் வண்டு முட்டையிடுவதே மாவுப்பூச்சியின் பஞ்சுப் பொதிக்குள்தான். பிள்ளை பிறப்பதே பந்தியில்!

ஆஸ்திரேலியக்காரரான இவரை 1898-ல் இந்தியாவுக்குக் கொண்டுவந்தது காப்பிச் செடியின் செதில்பூச்சியைத் தின்ன. ஆனால் இங்கே வேரூன்றியது மாவுப்பூச்சியைத் தின்றுதான். திராட்சையில் மாவுப்பூச்சி வந்தால் கொடிக்கு 10 வண்டு விடச் சொல்கிறது வேளாண் பல்கலைக்கழகம். உங்களுக்கோ தானாகவே வந்திருக்கிறது! மருந்தடித்தால் மாவுப்பூச்சி மெழுகுக்குள் தப்பிக்கும், இது செத்துப்போகும்.

கே: மாவுப்பூச்சி பிடித்த என் செடியில் எறும்பும் சாரை சாரையாக ஏறுகிறதே? (மேலூர்)

ப: மாவுப்பூச்சி கழிக்கும் தேன்நீருக்காக. அந்த ஆசையில் பொறிவண்டை விரட்டவும் செய்யும். தண்டில் டேப் சுற்றி, அதன்மேல் வாசலின் தடவுங்கள். கிளை சுவரைத் தொடாமல் வெட்டிவிடுங்கள். இல்லையென்றால் அந்த வழியாக ஏறும்.

கே: பொறிவண்டு கனவில் வந்தால் என்ன பலன்? (அரசரடி)

ப: விடிந்ததும் செடியைப் பார்க்கவும்.

கே: பொறிவண்டு நல்லது என்கிறீர்கள். என் கத்தரி இலையெல்லாம் சல்லடையாகிவிட்டதே? (வாடிப்பட்டி)

ப: உங்கள் வருத்தம் நியாயமானது. அதுவும் அதே குடும்பம்தான், ஆனால் இலை தின்பது: முதுகில் 28 புள்ளி, பளபளப்பில்லாமல் மெல்லிய மயிர். புழு மஞ்சள், மேலெல்லாம் கிளைவிட்ட முள். பச்சையத்தைச் சுரண்டி நரம்பை மட்டும் விட்டுவைக்கும். காலையில் இலையைத் திருப்பி, மஞ்சள் முட்டைக் கொத்தையும் புழுவையும் கையால் எடுத்து அழியுங்கள். ஒன்றே ஒன்று: பக்கத்தில் அசுவினிக் கூட்டம் இருந்தால் அந்த முட்டை நல்ல பொறிவண்டுடையதாக இருக்கலாம். அதைத் தொடாதீர்கள்.