பில்டு அண்ணன்

சாஃப்ட்வேர் டீம் எவ்வளவு சின்னதாக இருந்தாலும் அதில் ஒரு பில்டு அண்ணன் இருப்பார். என்ன புரோகிராம் எழுதலாம் என்று மற்றவர்கள் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கும்போது, எழுதப்போவதை எப்படி பில்டு செய்வது என்று இவர் கிளம்பியிருப்பார்.

புராஜெக்டில் இருப்பது மூன்று சி ஃபைல். ஜிசிசி என்று அடித்து மூன்றின் பெயரையும் எழுதி என்டர் தட்டினால் ஒரு விநாடியில் வேலை முடிந்தது. இதைச் சொல்லிப் பார்த்தான் புதிதாகச் சேர்ந்த பையன்.

"தம்பி, நாளைக்கு முன்னூறு ஃபைல் ஆகும். அப்ப என்ன பண்ணுவ?"

பையன் வாயை மூடிக்கொண்டான். நான்காவது ஃபைல் இன்னும் பிறக்கவில்லை. எழுத வேண்டியவர்கள் எல்லாரும் அண்ணனின் பில்டை ஓடவைக்கப் போராடிக்கொண்டிருக்கிறார்கள்.

முதலில் வந்தது மேக்ஃபைல். அதன் தலபுராணம் அண்ணனுக்கு மனப்பாடம். பெல் லேப்ஸில் ஒருவர் பிழையைத் திருத்திவிட்டு, கம்பைல் செய்ய மறந்து, சரியான புரோகிராமில் காலை முழுக்கப் பிழை தேடினாராம். அவர் புலம்பியதைக் கேட்ட ஸ்டூவர்ட் ஃபெல்ட்மேன் 1976-இல் மேக்கை எழுதினார். எந்த ஃபைல் மாறியதோ அதை மட்டும் கம்பைல் செய்யும். மாறியதா என்பதை ஃபைலின் நேரத்தை வைத்துக் கண்டுபிடிக்கும். நல்ல யோசனைதான், மறுக்க முடியாது.

ஆனால் கட்டளை வரி டாப்பில்தான் (Tab) தொடங்க வேண்டும் என்றும் ஒரு விதி வைத்துவிட்டார். அது உறுத்தியபோது ஏற்கெனவே ஒரு டஜன் பேர் மேக்கைப் பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு எதற்குத் தொந்தரவு என்று அப்படியே விட்டுவிட்டார். அந்த டஜன் பேருக்குக் காட்டிய கருணைக்கு உலகம் இன்றுவரை அபராதம் கட்டுகிறது. டாப்புக்குப் பதிலாக எட்டு ஸ்பேஸ் வைத்தால், 'டாப் போடத்தானே நினைத்தாய்?' என்று குனு மேக் கேட்கும். கேட்டுவிட்டு நின்றுவிடும். தெரிகிறதல்லவா, செய்து தொலைக்க வேண்டியதுதானே!

மேக் அலுத்ததும் அண்ணன் சிமேக்குக்குத் தாவினார். அது பில்டு செய்யாது. பில்டு செய்வதற்கான ஃபைலை எழுதிக் கொடுக்கும். அதை நிஞ்சா வந்து ஓட்டும். அதுவும் போதாமல், கூகுள் 2015-இல் வெளியே விட்ட பேசல் மீது இப்போது கண் விழுந்திருக்கிறது. அந்த வருஷம் கூகுளின் ரெப்போவில் 200 கோடி வரி. நம்முடையதில் நானூறு, பாதி கமென்ட்.

இவ்வளவும் எதற்காக? மாறாததை மறுபடி கம்பைல் செய்து நேரத்தை வீணாக்கக் கூடாது என்பதற்காக. ஆனால் எந்தச் சிக்கலோடு போனாலும் அண்ணன் தரும் மருந்து ஒன்றுதான்: "எல்லாத்தையும் கிளீன் பண்ணிட்டு முதல்ல இருந்து அடி."

தங்கச்சி கல்யாணத்துக்கு அண்ணன் லீவு போட்ட அன்றைக்கே பில்டு படுத்தது. அவர் எழுதிய ஸ்கிரிப்டைத் தொட ஒருவருக்கும் தைரியமில்லை. மேனேஜரே போன் செய்தார். மறுமுனையில் கெட்டிமேளம். அதையும் தாண்டிக் கேட்டது அண்ணனின் குரல்:

"சார், கிளீன் போட்டீங்களா?"

போட்டார்கள். ஓடியது. அந்த வருஷ அப்ரைசலில் டீமிலேயே அதிக ரேட்டிங் அண்ணனுக்குத்தான். இவர் இல்லாமல் ஒரு நாள்கூட ஓடாது என்று மேனேஜர் தன் கைப்பட எழுதியிருந்தார்.