தோற்றவனுக்கு ஒரு புள்ளி

அகத்தியர் மலைக்கு அடுத்த சீசனிலாவது போய்ச் சேர ஒரு திட்டம் போட்டு வைத்திருக்கிறேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. அதற்கு முன்னால் ஒரு எரிச்சலைக் கொட்டிவிடுகிறேன், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

டென்வரில் இருக்கும் என் சித்தப்பா மகன் எங்கள் ஊர் சங்கரன்கோவில் ஆடித் தபசுக்காக லீவு போட்டு வந்து சென்னையில் இறங்கியிருக்கிறான். நேற்று ராத்திரி போன். "அண்ணே, இந்த வருசமும் எனக்குக் குலுக்கல்ல விழல!" குரலில் அப்படி ஒரு பூரிப்பு. "விழலையா? அதுக்கு ஏம்ல இந்தக் குதி குதிக்க?" என்றேன். "விழலன்னா என்னண்ணே, ஒரு புள்ளி ஏறிருச்சுல்லா!"

குலுக்கல் எதற்கு என்றால், பிராங்ஹார்ன் வேட்டைக்கு. பார்க்க மான் மாதிரி இருக்கும், மான் சாதியில்லை; நெருங்கிய சொந்தம் ஒட்டகச்சிவிங்கியாம். ஓட்டத்தில் சீட்டாவுக்கு அடுத்தது இதுதான். இவ்வளவு ஓடத் தெரிந்த பிராணி முள்கம்பி வேலியைக் கண்டால் பெரும்பாலும் தாண்டாது, அடிக்கம்பிக்குக் கீழே குனிந்து நுழைந்துதான் போகும். வேலிக்கு அடியில் முட்டி போட்டு ஒரு கிடா நுழைவதைப் படமெடுத்து அனுப்பியிருந்தான். கறுத்த கொம்பில் பக்கவாட்டில் ஒரு கவட்டை. அதைத்தான் இவன் வில்லும் அம்புமாகப் போய் அடிக்கப்போகிறானாம். ஊரில் இருந்தவரை கோழிக் கடைப் பக்கம் போகச் சொன்னால் வயிற்று வலி என்று படுத்துக்கொண்ட பயல். இங்கே 1972-ஆம் வருசத்து வன உயிரினச் சட்டம் இருக்கிறது. வல்லநாட்டு வெளிமானைப் பார்த்து வில்லைத் தூக்கினால் நேரே பாளையங்கோட்டைதான்.

அவன் குடியிருப்பது கொலராடோவில். பிராங்ஹார்ன் கொட்டிக் கிடப்பது பக்கத்து வயோமிங்கில். ஆகவே அங்கே இவன் வெளியூர்க்காரன். அனுமதிச் சீட்டில் பெரும்பங்கு உள்ளூர்க்காரர்களுக்குப் போய்விடும். மிச்சத்துக்கு அமெரிக்கா முழுக்க அடிபிடி. அந்த மிச்சத்திலும் நூற்றுக்கு 75 முன்னுரிமைப் புள்ளி அதிகம் வைத்திருப்பவனுக்கு, 25 யோகக்காரனுக்கு. காசு கூடக் கொடுத்தால் 'ஸ்பெஷல்' என்று தனி வரிசை. 300 டாலர் சொச்சத்துக்குக் கிடைக்கிற அதே சீட்டு, அந்த வரிசையில் 1,200 டாலர். கிடாவும் அதே கிடாதான், அம்பும் அதே அம்புதான். வரிசைதான் குட்டை. இதைக் கேட்டதும் எனக்கு அமெரிக்கா மேல் திடீரென்று ஒரு சொந்தபந்த உணர்ச்சி வந்தது. சிறப்பு தரிசனத்தை நாம் யாருக்கும் ஏற்றுமதி செய்யவில்லையே, அவர்களே கண்டுபிடித்திருக்கிறார்கள்.

ஆனால் அந்தப் புள்ளி விசயத்தில்தான் எனக்கு வயிறு எரிகிறது. விண்ணப்பித்துத் தோற்றால் கணக்கில் ஒரு புள்ளி. அதற்கும் தனியாகக் காசு வாங்கிக்கொள்கிறார்கள் என்பது வேறு விசயம். அடுத்த வருசமும் தோற்றால் இன்னொரு புள்ளி. தோற்கத் தோற்க மனுசன் பெரிய ஆள் ஆகிக்கொண்டே போகிறான்!

நமக்கு? வெயிட்டிங் லிஸ்ட்டிலேயே உயிரை விட்ட டிக்கெட்டுக்கு 60 ரூபாய் பிடித்துக்கொண்டு மிச்சத்தைத் தருகிறார்கள். திருமலை சேவைக் குலுக்கலில் பெயர் வராவிட்டால், வரவில்லை என்று சேதி. பிள்ளைக்கு எல்.கே.ஜி. விண்ணப்பம், முகூர்த்த மாதத்தில் மண்டபம், எதிலாவது ஒன்றில் 'ஐயா, நீங்கள் போன தடவையும் வந்து ஏமாந்தவராச்சே, முன்னால் வாருங்கள்' என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா?

இத்தனைக்கும் இந்தப் புள்ளி முறை நம்முடையது. கயிலாயத்தில் கல்யாணம், மூவுலகமும் வடக்கே குவிந்ததில் பூமி சாய்ந்துவிட்டது. சிவபெருமான் அகத்தியரைக் கூப்பிட்டு, தெற்கே போய்ச் சமன் செய் என்றார். பச்சையாகச் சொன்னால் ஹவுஸ்ஃபுல். ஆனால் வெறுங்கையோடு அனுப்பவில்லை. பாபநாசத்தில் வைத்து மணக்கோலத்தைத் தனியாகக் காட்டினார். எங்கள் ஊர் கோமதி அம்மனை எடுத்துக்கொள்ளுங்கள். ஹரியும் ஹரனும் ஒன்றாக நிற்பதைப் பார்க்க ஒற்றைக் காலில் தவம் இருந்தாள், சங்கரநாராயணராகவே காட்சி கிடைத்தது. சங்கரன்கோவிலில் ஆடிச் சுற்று 108 சுற்றுகிறவர்களை வழிமறித்துக் கேளுங்கள், எத்தனை முடிந்தது, எத்தனை பாக்கி என்று மூச்சு வாங்கிக்கொண்டே கணக்குச் சொல்வார்கள். காத்திருந்தவன் கணக்கு மேலே எழுதப்படும் என்ற நம்பிக்கையில்தான் இந்த ஊரே நடக்கிறது. மேலே எழுதுகிறார்கள். கீழேதான் எழுத ஆளில்லை.

என்னிடம் விட்டால் முதலில் கல்யாணப் பந்தியில் இதைக் கொண்டுவருவேன். சாப்பிடுகிறவர் நாற்காலிக்குப் பின்னால் போய் நிற்கிறோம் அல்லவா, முதுகைப் பிடித்துக்கொண்டு? அவர் ரசத்துக்கு வந்துவிட்டார், மோர் வந்தால் எழுந்துவிடுவார் என்று கணக்குப் போட்டு நிற்கிறோம். அவரோ பாயசத்தை இரண்டாவது முறை கேட்கிறார். பக்கத்து இலைக்காரர் எழுந்திருக்கிறார். அந்த நாற்காலிக்குப் பின்னால் இப்போதுதான் வந்து நின்ற ஒருவர், கைக்குட்டையைப் போட்டு உட்கார்ந்துவிடுகிறார். இங்கே புள்ளி இருந்தால் நடக்குமா?

ஒரு பந்திக்கு 100 இலை என்று வையுங்கள். 75 இலை, முந்தின பந்திகளில் நின்று ஏமாந்தவர்களுக்கு. 25 இலை குலுக்கல். நேற்றுப் பிறந்த குழந்தைக்கும் யோகம் அடிக்கட்டும். மாப்பிள்ளை வீட்டார் உள்ளூர்க்காரர் கணக்கு, அவர்களுக்குத் தனி ஒதுக்கீடு. மொய் 1,001-க்கு மேல் எழுதினால் ஸ்பெஷல் வரிசை. அதே இலை, அதே அவியல். வயோமிங்கில் 'வில்டர்னஸ்' என்று அறிவித்த காட்டுக்குள் வெளியூர்க்காரன் வேட்டைக்குப் போக வழிகாட்டியோ உள்ளூர்த் துணையோ வேண்டும். இங்கேயும் பெண் வீட்டு ஆள் ஒருவர் கையைப் பிடித்துக் கூட்டிவந்தால்தான் சாப்பாட்டுக் கூடத்துக்குள் விடவேண்டும். இப்போதும் அப்படிப்பட்டவர்கள்தான் முதல் பந்தியில் உட்காருகிறார்கள், ஆகவே புதிதாக ஒன்றும் செய்ய வேண்டாம். அப்பளம் தீர்ந்தபின் உட்கார்ந்தவருக்கு அரைப் புள்ளி. பாயசம் தன் இலைக்கு முந்தின இலையோடு வாளி காலியானவருக்கு முழுப் புள்ளி. அப்பா சேர்த்த புள்ளியை மகனுக்கு எழுதிவைக்கலாமா என்பதில் எனக்கும் வீட்டுக்காரிக்கும் கருத்து வேறுபாடு. எழுதலாம் என்கிறேன் நான். "நீங்க சேத்து வச்ச சொத்து இதுதான்னு பையன்கிட்ட சொல்லிராதீங்க" என்கிறாள் அவள். பெண் பார்க்கப் போய் பஜ்ஜி சாப்பிட்டுத் திரும்பின பையன்களுக்கும் புள்ளி உண்டா என்று எதிர்வீட்டு அண்ணாச்சி கேட்டார். அது வேறு துறை, நான் தலையிடமாட்டேன்.

எங்கே விட்டேன்? திட்டம். சொல்கிறேன்.

பொதிகையில் 1,868 மீட்டர் உயரத்தில் உட்கார்ந்திருக்கிறார் அகத்தியர். ஒரு காலத்தில் நம் ஆட்கள் பாபநாசம் பக்கமிருந்தே காடு வழியாக ஏறினார்கள். அந்தக் காடு இப்போது களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம், 1988-இல் அறிவித்தது. அந்த வழி அடைபட்டபின், தமிழ் முனிவரைப் பார்க்கத் தமிழன் செங்கோட்டை தாண்டி, புனலூர் தாண்டி, திருவனந்தபுரம் சுற்றி, போனக்காட்டிலிருந்து நடக்க வேண்டும். புலிக்கு வழிவிட்டதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் புலிக்கு ஆன்லைன் புக்கிங் கிடையாது என்பதைச் சொல்லித்தான் ஆகவேண்டும்.

ஜனவரியில் சீசன். ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான் என்று அளவு உண்டு; காடு தாங்க வேண்டுமே, நியாயம். 2019-லிருந்து பெண்களும் ஏறுகிறார்கள், அதுவும் நியாயம். பூஜைச் சாமான் கொண்டுபோகக் கூடாது, அதையும் ஒப்புக்கொள்கிறேன். சூடம் இல்லாமல் கும்பிட்டால் அகத்தியர் கோபித்துக்கொள்ள மாட்டார். எல்லாம் நியாயமாக இருப்பதுதான் பெரிய எரிச்சல். திட்டக்கூட ஆள் இல்லை. புக்கிங் திறந்த அன்றைக்கு வீட்டில் ஆளுக்கொரு போன், மாமியார் ஆதார் எண் முதற்கொண்டு கையில் எழுதிவைத்து உட்கார்ந்திருந்தோம். ஓடிபி வந்த நேரம் சீட்டு தீர்ந்திருந்தது. மறுநாள் பூக்கடையில், டீக்கடையில், பேங்கில் எல்லாரும் "கெடச்சுதா?" இந்தக் கேள்விக்கும் ஒரு புள்ளி தரவேண்டும், கேட்டவர் கணக்கிலிருந்து கழித்து.

சரி, திட்டத்தின் முதல் படி, வாரநாளாகப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது. ஏனென்றால்...

மணி பத்தாகப் போகிறது. தம்பி நாளைக்குப் பொதிகை எக்ஸ்பிரஸில் ஏறி மறுநாள் காலை சங்கரன்கோவிலில் இறங்க வேண்டுமாம். 60 நாள் முன்னாலேயே போடச் சொன்னேன், கேட்கவில்லை. இப்போது தட்கல்தான் கதி. 2025 ஜூலையிலிருந்து ஆதார் சரிபார்த்த கணக்கு இருந்தால்தான் ஆன்லைனில் தட்கல். வயோமிங்கில் புள்ளி வைத்திருக்கும் துரைக்கு இங்கே ஆதார் இல்லை, ஆகவே என் கணக்கில்தான் போட்டாக வேண்டும். ஏசிக்குப் பத்து மணி, ஸ்லீப்பருக்குப் பதினொன்று. ஏய், அந்தச் சார்ஜரைக் கொண்டா! மாமியார் போனையும் எடு!