கால் நனைத்தல்: தரங்கம்பாடிச் செருப்பை முன்வைத்து ஓர் ஆய்வு

கடற்கரை ஊருக்கு வார இறுதியில் நண்பனோடு போய்வருவது பற்றித் தமிழில் முறையான ஆய்வு இல்லை. இருப்பவை பயணக் கட்டுரைகள். அவற்றில் அடிக்குறிப்பு கிடையாது, ஆகவே நம்புவதற்கில்லை. இக்குறையைக் களைவதே இக்கட்டுரையின் நோக்கம். களம் தரங்கம்பாடி. காலம் சனிக்கிழமை காலை முதல் ஞாயிறு மாலை வரை. ஆய்வு எல்லை, முழங்கால்.

மூலநூல்கள் இரண்டு: பெருவாட்ஸாப், சிறுவாட்ஸாப். முன்னது கல்லூரிக் கூட்டாளிகள் எல்லோரும் உள்ள குழு. அதில் "போலாம்டா" என்று பலர் பாடியிருக்கிறார்கள், ஒருவரும் வரவில்லை. ஆகவே அது இலக்கியம். பின்னது நானும் நண்பனும் மட்டும் பேசிக்கொண்டது. அதில் ரயில் நேரம் இருக்கிறது. ஆகவே அது வரலாறு. முன்னதில் காணப்படும் கட்டைவிரல் குறிகள் பிற்கால இடைச்செருகல் என்று தள்ளிவிடலாம்.

வழி: மயிலாடுதுறை வரை ரயில், பிறகு திருக்கடையூர் வழியாகப் பஸ். பஸ்ஸில் பாதிப்பேர் அறுபதாம் கல்யாணத்துக்குத் திருக்கடையூரில் இறங்கிவிடுவார்கள். மீதிப்பேரில் சிலர் தரங்கம்பாடியையும் தாண்டிக் காரைக்காலுக்குப் போவார்கள். அது புதுச்சேரி ஆட்சிக்கு உட்பட்டது. பலருடைய கள ஆய்வு அங்கேயே நிலைகொண்டுவிடுவதன் காரணம் இக்கட்டுரையின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

உறைவிடம்: மின்விசிறி சுற்றியது.

உணவு: மீன் குழம்பு. இதில் கருத்து வேறுபாடு எழவில்லை. எனவே ஆராய ஒன்றுமில்லை.

வரலாற்றையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் நெறியாளர் கையெழுத்துப் போடமாட்டார். 1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் செய்துகொண்டு ஓவே கெட்டே தலைமையில் வந்த டென்மார்க்காரர்கள் டேன்ஸ்போர்க் கோட்டையைக் கட்டினார்கள். அதற்கு முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே பாண்டியர் காலத்து மாசிலாமணிநாதர் கோயில் அங்கே இருந்தது. அதன் ஒரு பகுதியைக் கடல் தின்றுவிட்டது. புதிய எருசலேம் தேவாலயம் 1718. நகர வாயில் 1792. இனி நம் பொருளுக்கு வருவோம்.

"சும்மா கால் மட்டும் நனைச்சிட்டு வந்துரலாம்டா." இது நூற்பா. இதன் உரை வருமாறு: இடுப்பு வரை நனைந்து, இருட்டிய பிறகு, சட்டைப்பையில் மணலோடு திரும்புவோம் என்றவாறு.

பேன்ட்டை மடிப்பதில் மூன்று நிலைகள் உள. முதல் மடிப்பு கணுக்கால். இரண்டாவது ஆடுசதை. மூன்றாவது முட்டி, அதற்கு மேல் ஜீன்ஸ் ஏறாது. அலை எப்போதும் கடைசி மடிப்புக்கு நாலு விரல் மேலே வந்து அடிக்கும். எந்த உயரத்துக்கு மடித்தாலும் இந்த நாலு விரல் மாறுவதில்லை. (கைலி மரபைச் சேர்ந்த நண்பனின் மாமா இதற்குத் தெரிவித்த மறுப்பை வேறோர் இடத்தில் தகர்த்திருக்கிறேன். எங்கே என்பது நினைவில்லை.)

மடித்தாயிற்று. இனித்தான் சிக்கல். செருப்பை யார் பார்த்துக்கொள்வது?

ஒருவன் மட்டும் சென்றால் இக்கேள்வி எழாது; தனியாகக் கடலுக்குப் போகிறவன் செருப்பைப் பற்றிக் கவலைப்படும் மனநிலையில் இருப்பதில்லை. குடும்பமாகச் சென்றால் பாட்டி இருப்பார். இருவர் செல்லும்போதுதான் இது தத்துவச் சிக்கலாகிறது. இருவரும் சேர்ந்து கால் நனைக்க வந்தார்கள். ஆனால் ஒரு நேரத்தில் ஒருவர்தான் நனைக்க முடியும். தண்ணீரில் நிற்பவன் "வாடா" என்கிறான். கரையில் நிற்பவன் "நீ போ மச்சி, நான் பாத்துக்கிறேன்" என்கிறான். இரண்டு செல்போன், இரண்டு பர்ஸ், லாட்ஜ் சாவி, நாலு செருப்பு. நண்பர்கள் சேர்ந்து போகும் பயணம் என்பது ஒருவன் அனுபவிக்க மற்றவன் காவல் காப்பது என்று ஆகிவிடுகிறது.

இதற்குத் தீர்வு கூறுவோர் பல திறத்தினர். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டே இறங்க வேண்டும் என்போர் ஏந்தற்பள்ளியார். மணலில் புதைத்து மேலே அடையாளம் வைக்க வேண்டும் என்போர் புதைத்தற்பள்ளியார். அடையாளமாகக் குச்சி நடுவதா, சிப்பி வைப்பதா என்பதில் இவர்கள் இரண்டாகப் பிரிந்து இன்றுவரை பேசிக்கொள்வதில்லை. (புதைத்த செருப்பு அகழாய்வில் கிடைத்தால் உடனே நாகரிகம் என்று அறிவிக்க ஆள் இருக்கிறார்கள் என்பது வேறு.) பக்கத்தில் சுண்டல் சாப்பிடும் முன்பின் தெரியாத அம்மாவிடம் "கொஞ்சம் பாத்துக்கங்கக்கா" என்று ஒப்படைக்கலாம் என்பது அடைக்கலக் கொள்கை. அந்த அம்மாவுக்கும் கால் நனைக்க ஆசை உண்டு என்பதை இக்கொள்கை கணக்கில் கொள்ளவில்லை (அத்தை வாய்மொழி, அடுப்படி).

நண்பன் இவற்றுள் எதையும் ஏற்கவில்லை. நின்றான். அவன் காவல் காத்த பொருளை அருகிருந்து ஆராய்ந்தேன். வலது செருப்பின் வார் அறுந்து ஊக்கு குத்தியிருந்தது. குதிகால் ஒருபக்கமாகத் தேய்ந்து, விளிம்பு காகிதம்போல மெலிந்திருந்தது. அடியில் பழைய தார். "இதை எவன்டா எடுப்பான்?" என்றேன். "எல்லாரும் அப்படித்தான் நினைப்பாங்க, அதான் எடுப்பான்" என்றான் (பொறையாறு டீக்கடைப் பிரதி, காராபூந்திப் பொட்டலம், உட்புறம், எண்ணெய்க் கறைக்குத் தெற்கே. இதன் கிழிந்த மறுபாதி நண்பனின் சட்டைப்பையில் துவைக்கப்பட்டுச் சிதைந்த நிலையில் கிடைத்துள்ளது. கண்டெடுத்துப் பதிப்பித்தவர் அவன் மனைவி. பதிப்புரையில் கடுஞ்சொற்கள் மிகுதி. என்னைப் பற்றிய பகுதியை மட்டும் தணிக்கை செய்து இங்கே தருவதாக இருந்தேன், தணிக்கைக்குப் பின் எதுவும் மிஞ்சவில்லை).

இச்சிக்கலின் தொன்மை நோக்கற்பாலது. 1706 ஜூலை 9 அன்று இதே ஊருக்குக் கப்பலில் வந்து சேர்ந்தவர்களும் இருவரே: சீகன்பால்கு, புளூட்சோ. டென்மார்க் மன்னர் அனுப்பிய லுத்தரன் மிஷனரிகள். கோட்டைத் தளபதி அவர்களைக் கண்டு மகிழவில்லை. அப்போது செருப்பை யார் பார்த்துக்கொண்டார்கள் என்பதில் வரலாற்றாசிரியர்கள் மௌனம் சாதிக்கிறார்கள். 1711இல் புளூட்சோ ஐரோப்பா திரும்பிவிட்டார். அதன்பின் சீகன்பால்கு கால் நனைத்திருக்க முடியாது, காவலுக்கு ஆள் இல்லை எனக் கருத இடமுண்டு. 'கருத இடமுண்டு' என்பது நம் துறையில் ஆதாரத்துக்குச் சமம். 1709இலேயே இன்னொரு மிஷனரி கிரண்ட்லர் வந்து சேர்ந்துவிட்டாரே என்பவர்கள் டீ இடைவேளையில் தனியாக வந்து பார்க்கவும்.

ஆனால் சீகன்பால்கு என்ற அந்த மனிதரைப் பற்றி ஒன்று சொல்லாமல் நகர முடியவில்லை. சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் கற்றார் என்கிறார்கள். வந்த இரண்டே ஆண்டில், 1708இல், தாம் சேர்த்த தமிழ்ச் சுவடிகளுக்குக் குறிப்புகளோடு பட்டியல் தயாரித்துவிட்டார். தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி 1713இல் அவர் எழுதி அனுப்பிய நூலை ஜெர்மனியின் ஹாலேயில் இருந்து மிஷனை ஆதரித்த பிராங்கே அச்சிட மறுத்தார். அது சென்னையில் அச்சேறியது 1867இல். இன்று அந்த அநீதி நடக்காது. கட்டணம் கட்டினால் அடுத்த வாரமே வெளிவந்துவிடும், உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் பார்ப்பதுகூட இல்லை. மணலில் உட்காரும் வழக்கமும் துறையில் நின்றுபோயிற்று. எல்லோருக்கும் நாற்காலி கிடைத்துவிட்டது.

கணக்கு முடித்தல்: 1845இல் டென்மார்க்காரர்கள் தரங்கம்பாடியையும் வங்காளத்துச் செராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்று, ஒரே ஒப்பந்தத்தில் கணக்கை நேர் செய்தார்கள். பஸ்ஸுக்கு நான் கொடுத்ததா, மீனுக்கு அவன் கொடுத்ததா எது அதிகம் என்பது இன்னும் சிறுவாட்ஸாப்பில் நிலுவையில் இருக்கிறது.

இப்பொருள் குறித்து இருநாள் பன்னாட்டுக் கருத்தரங்கு ஒன்றைத் தரங்கம்பாடிக் கடற்கரையிலேயே நடத்த உத்தேசம். பதிவுக் கட்டணம் உண்டு. சான்றிதழ் வராதவர்களுக்கும் உண்டு. கட்டுரையாளர்கள் செருப்பைப் பந்தலுக்கு வெளியே விட்டுவிட வேண்டும். நண்பன் பார்த்துக்கொள்ள ஒப்புக்கொண்டிருக்கிறான். ஆனால் பயணப்படி கேட்கிறான்.