முத்திரை விழுந்ததா?

இந்த வாரம் எல்லைச் சாவடிக் கடிதங்களுக்கு மட்டும் பதில். சினிமாவும் அரசியலும் அடுத்த வாரம் வரை வரிசையில் நிற்கட்டும்.

மதுரை வாசகர்: பாஸ்போர்ட்டில் ஒரு சீல் விழாவிட்டால் குடியா முழுகிவிடும்?

மலேசியாவில் முழுகும். முறையான அனுமதியில்லாமல் நுழைந்தவருக்கு அந்நாட்டின் 1959/63 குடிநுழைவுச் சட்டம், 6ஆம் பிரிவு: 10,000 ரிங்கிட் வரை அபராதம், 5 ஆண்டு வரை சிறை, 6 பிரம்படி வரை. ஒழுங்காகத்தான் வந்தேன் என்று நிரூபிப்பது உங்கள் பாடு. முத்திரை ஒரு சதுர அங்குலம். அந்த இடம் காலியாக இருந்தால் ஐந்து வருஷம் பேசும்.

தஞ்சாவூர் வாசகி: அதிகாரி உட்கார்ந்திருக்கிறார், கையில் முத்திரை இருக்கிறது. அப்புறம் எப்படி விழாமல் போகும்?

சிங்கப்பூர் உட்லண்ட்ஸ் சாவடியை ஒரு முறை பாருங்கள். நாளொன்றுக்குச் சுமார் 3 லட்சம் பேர் கடக்கிறார்கள். பேருந்து இறக்கிவிடும். மூட்டை முடிச்சோடு மாடியேறி, கவுன்டர் கடந்து, மறுபடி இறங்கி, அடுத்த பேருந்துக்கு ஓட வேண்டும். கடற்பாலத்தின் மறுமுனையில், ஜொகூர் பாருவில், இதே கூத்து இன்னொரு தடவை.

காரில் போனால் வேறு மாதிரி. கண்ணாடியை இறக்கி நான்கு பாஸ்போர்ட்டைக் கற்றையாக நீட்டுகிறோம். மூன்றில் விழுகிறது, நான்காவது அப்படியே திரும்பி வருகிறது. பின்னால் ஹாரன். யார் பிரித்துப் பார்க்கிறார்கள்? கூட்டத்தோடு ஓடினால் பேருந்து கிடைக்கும். முத்திரைக்கு நின்றுதான் ஆக வேண்டும்.

ஈப்போ வாசகர்: தெரியாமல் கடந்துவிட்டவரைக் குற்றவாளியாகவா நடத்துவார்கள்?

நடத்தியிருக்கிறார்கள். 2011 ஜூனில் சிங்கப்பூர்ப் பெண்கள் இருவர், முத்திரை விழாமலே காரில் ஜொகூர் சாவடியைக் கடந்துவிட்டார்கள். காவலில் வைத்து, உடையைக் களைந்து தோப்புக்கரணம் போடச் சொன்னார்கள் என்று அவர்கள் புகார் சொல்ல, இரண்டு நாட்டிலும் பெரிய விவகாரமானது. விட்டுப்போனது ஒரு முத்திரை. அதற்கு ஒரு பெண்ணின் மானத்தை விலையாகக் கேட்க எந்தச் சட்டத்துக்கும் உரிமை கிடையாது.

திருச்சி வாசகர்: ஒரு கிலோமீட்டர் பாலத்துக்கு இரண்டு சாவடி எதற்கு?

1924இல் திறந்தபோது இரு கரையிலும் ஆண்டவன் வெள்ளைக்காரன். 1965இல் சிங்கப்பூர் தனி நாடானது. 1967 முதல் பாஸ்போர்ட் சோதனை. தண்ணீர்க் குழாயும் தண்டவாளமும் பழையபடியே பாலத்தில் கிடந்தன. மனிதனை மட்டும் நிறுத்தினார்கள்.

காரைக்குடி வாசகி: மகளைப் பார்க்க சிங்கப்பூர் வந்தேன். பாஸ்போர்ட்டில் ஒரு சொட்டு மை இல்லை. பக்கத்து வீட்டம்மா "நீங்க கள்ளத்தனமா வந்தவங்க" என்கிறார். உண்மையா?

பக்கத்து வீட்டம்மாவின் செய்தி பழசு. வெளியேறும் பயணிகளுக்கு முத்திரை குத்துவதை சிங்கப்பூர் 2019 ஏப்ரல் 22இல் நிறுத்தியது. உள்ளே வருபவர்களுக்கு 2022 ஏப்ரல் 22இல். இப்போது இ-பாஸ். எத்தனை நாள் தங்கலாம், கடைசி நாள் எது என்று மின்னஞ்சலில் வரும். அந்தக் கடைசி நாளை நாட்காட்டியில் வட்டம் போட்டு வையுங்கள். 90 நாளுக்கு மேல் கூடுதலாகத் தங்கும் ஆணுக்கு அங்கே பிரம்படி. பெண்களுக்குப் பிரம்படி இல்லை, ஆனால் வழக்கு உண்டு.

அதே வாசகி: மின்னஞ்சல் எதுவும் வரவில்லையே?

வருகை அட்டையில் யார் முகவரி போட்டீர்கள்? மாப்பிள்ளையுடையதா? அப்படியென்றால் உங்கள் அனுமதி மாப்பிள்ளையின் ஸ்பாம் பெட்டியில் தூங்குகிறது. அங்கும் இல்லையென்றால் குடிநுழைவு, சோதனைச்சாவடிகள் ஆணையத்தின் இணையதளத்தில் இ-பாஸைத் தேடி எடுக்கலாம். இன்றைக்கே எடுங்கள்.

சேலம் வாசகர்: சிங்கப்பூர் வருகை அட்டை, மலேசிய டிஜிட்டல் வருகை அட்டை இரண்டுக்கும் சேர்த்து ஏஜென்ட் 1,500 ரூபாய் வாங்கினார். நியாயமா?

இரண்டும் இலவசம். பயணத்துக்கு முந்தைய மூன்று நாளுக்குள் அரசின் இணையதளத்தில் நீங்களே நிரப்பலாம். அவர் உங்கள் பெயரைத் தட்டச்சு செய்தார். எழுத்துக்கு எவ்வளவு ஆகிறது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

கிள்ளான் வாசகர்: சிங்கப்பூரிலிருந்து ரயிலில் வந்த காலத்தில் மலேசிய முத்திரையே விழாது என்கிறார் அப்பா. கதை விடுகிறாரா?

அப்பா சொல்வது அத்தனையும் உண்மை. தஞ்சோங் பகார் ரயில் நிலையம் சிங்கப்பூர் நகருக்குள் இருந்தது, நிர்வாகம் மலேசிய ரயில்வேயிடம் இருந்தது. 1998இல் சிங்கப்பூர் தன் கவுன்டரை உட்லண்ட்ஸுக்கு மாற்றிக்கொண்டது. மலேசியா நகர மறுத்தது. விளைவு என்ன? பயணி தஞ்சோங் பகாரில் மலேசியாவுக்குள் 'நுழைந்து', அரைமணிக்கு மேல் ரயிலில் போன பிறகு உட்லண்ட்ஸில் சிங்கப்பூரை விட்டு 'வெளியேறினார்'. வெளியேறும் முன்பே நுழைந்தவர்கள் உலகத்திலேயே அவர்கள்தான் என்று நினைக்கிறேன்.

பாஸ்போர்ட்டில் மலேசிய முத்திரை விழாது. அட்டையில் மட்டும் குத்துவார்கள். அந்த அட்டையும் ரயில் டிக்கெட்டும்தான் சட்டப்படி வந்ததற்குச் சான்று. 2011 ஜூன் 30இல் கடைசி ரயில் போய் இந்தக் குழப்பமும் போனது. ஜொகூர் பாருவுக்கும் உட்லண்ட்ஸுக்கும் இடையே இப்போது கட்டிவரும் ஆர்டிஎஸ் ரயிலில் இரு நாட்டுக் கவுன்டர்களும் புறப்படும் நிலையத்திலேயே இருக்கும். இந்தப் புத்தி வர இத்தனை வருஷம்.

நாகப்பட்டினம் வாசகர்: மலேசியாவுக்குத்தான் விசா வேண்டாமே. போய் அப்படியே வேலையில் சேர்ந்துவிடலாம் என்கிறார் ஊர் ஏஜென்ட்.

அவர் தன் மகனை அப்படி அனுப்பியிருக்கிறாரா, கேளுங்கள். 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்களுக்கு விசா விலக்கு உண்டு. 30 நாளுக்கு, சுற்றிப் பார்க்க. உணவகத்தில் புரோட்டா போடுவதற்கல்ல. 31ஆம் நாளிலிருந்து 15ஆம் பிரிவு பாயும்: குறைந்தது 10,000 ரிங்கிட் அபராதம், அல்லது 5 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். ஏஜென்டுக்குக் கட்டிய பணத்துக்கு நிலத்தை விற்றிருப்பீர்கள். அபராதத்துக்கு எதை விற்பீர்கள்? போகாதீர்கள், தம்பி.

அதே ஊர், வேறு வாசகர்: "நாள் முடிந்தால் கவலை வேண்டாம், பாஸ்போர்ட்டை மட்டும் கொடு, தாய்லாந்து எல்லையில் சீல் போட்டுக் கொண்டுவருகிறேன்" என்கிறாராம் இன்னொருவர். முடியுமா?

மலேசியாவில் இதற்கு 'ஃப்ளையிங் பாஸ்போர்ட்' என்றே பெயர். ஆள் கோலாலம்பூரில் தூங்குவார், பாஸ்போர்ட் எல்லைக்குப் பறந்துவிட்டு வரும். இந்த வியாபாரத்தில் குடிநுழைவு அதிகாரிகளே கைதாகியிருக்கிறார்கள். முத்திரை அசலா போலியா என்று நீங்கள் கண்டுபிடிக்க முடியாது, கணினி கண்டுபிடிக்கும். அன்று ஏஜென்டின் தொலைபேசியும் பறந்துவிடும்.

பினாங்கு வாசகர்: முதலாளி என் பாஸ்போர்ட்டை 'பத்திரமாக' வைத்திருக்கிறார். கேட்டால் முறைக்கிறார்.

முறைக்க வேண்டியவர் நீங்கள். அடுத்தவர் பாஸ்போர்ட்டைத் தடுத்து வைத்திருப்பது மலேசியாவிலும் குற்றம், சிங்கப்பூரிலும் குற்றம். எந்தத் தேதியில் என்ன முத்திரை இருக்கிறது என்றே தெரியாமல் ஒருவன் எப்படி நாள் எண்ணுவான்? இந்தியத் தூதரகத்துக்கு எழுதுங்கள். இன்று முடிந்தால் பக்கங்களைப் படமெடுத்து வீட்டுக்கு அனுப்பி வையுங்கள்.

கோவை வாசகர்: ரயிலிலேயே தாய்லாந்துக்குள் போகலாமா?

தாராளமாக. மலேசியாவின் பாடாங் பெசார் நிலையத்தில் இரு நாட்டுக் கவுன்டர்களும் ஒரே கட்டடத்தில் இருக்கின்றன. அங்கேதான் ஆபத்தும். ஒன்று முடிந்ததும் வேலை முடிந்தது என்று பிளாட்பாரத்துக்குப் போய்விடுவார்கள். மலேசியாவை விட்டதற்கு ஒன்று, தாய்லாந்தில் நுழைந்ததற்கு ஒன்று. இரண்டு எண்ணிவிட்டு ரயிலேறுங்கள். தாய்லாந்தில் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால். ரயில் நேரத்தைப் பார்க்கும்போது அதையும் நினைவில் வையுங்கள்.

புதுச்சேரி வாசகி: இத்தனை தொல்லைக்கு இந்த முத்திரையையே ஒழித்துவிட்டால் என்ன?

மையை ஒழிக்கலாம், பதிவை ஒழிக்கக் கூடாது. மலேசிய-தாய்லாந்து எல்லையில் வாங் கெலியான் என்று ஒரு சிற்றூர். ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்கு அப்போதெல்லாம் பாஸ்போர்ட் இல்லாமலே இருபக்கத்தாரும் வந்து போய்க்கொண்டிருந்தார்கள். பழமும் துணியும் வாங்கியவர்களுக்கு அது திருவிழா. அதே வட்டாரக் காட்டுக்குள் ஆள்கடத்தல்காரர்கள் முகாம் போட்டிருந்தார்கள். 2015 மே மாதம் அங்கே 139 சவக்குழிகள் இருப்பதாக மலேசியக் காவல்துறை அறிவித்தது. ரோஹிங்கியாக்கள், வங்கதேசத்தவர்கள். அவர்கள் எந்தக் கவுன்டரிலும் நிற்கவில்லை, எந்தப் புத்தகத்திலும் பெயர் இல்லை. ஆகவே அவர்களைக் காணோம் என்று எந்த நாடும் தேடவில்லை.

நம் பெயர் ஓர் அரசின் ஏட்டில் ஏறுவது தொல்லைதான். ஏறாமலிருப்பது அதைவிடப் பயங்கரம்.

சென்னை வாசகர்: முத்திரையே இல்லாமல் எல்லை தாண்டிப் பழகிய தமிழர்கள் உண்டா?

மணிப்பூரில் மோரே. 1960களில் பர்மாவிலிருந்து விரட்டப்பட்ட தமிழர்கள், கப்பலில் தமிழ்நாடு வந்து, பிழைக்க வழியில்லாமல் தரைவழியாகவே பர்மாவுக்குத் திரும்ப நடந்தார்கள். எல்லையில் மறித்துவிட்டார்கள். மறித்த இடத்திலேயே வீடு கட்டி, கோயில் கட்டி, தமிழ்ச் சங்கமும் வைத்தார்கள். எல்லையிலிருந்து 16 கிலோமீட்டர் வரை விசா இல்லாமல் போய்வர இருநாட்டு எல்லைவாசிகளுக்கும் வசதி இருந்தது. அதை ரத்து செய்வதாக 2024 பிப்ரவரியில் உள்துறை அறிவித்தது. போகவிடாததால் உண்டான ஒரு தமிழூர், பூமியில் வேறு எங்கே இருக்கிறது?

நெல்லை வாசகர்: அமெரிக்காவில் பிறந்த பேரனோடு கோரக்பூர் வழியாக நேபாளம் போகிறோம். இந்தியருக்குத்தான் விசா வேண்டாமே?

உங்களுக்கு வேண்டாம். பேரனுக்கு வேண்டும். சுனௌலியில் எல்லையே கடைத்தெரு போலத்தான் இருக்கும். தாத்தா கையைப் பிடித்துக்கொண்டு பேரன் நடந்தே உள்ளே போய்விடலாம், யாரும் கூப்பிட மாட்டார்கள். திரும்பும்போது கூப்பிடுவார்கள். இந்தியப் பக்கம் வெளியேறும் முத்திரை, நேபாளப் பக்கம் விசா, இரண்டு அலுவலகத்தையும் நீங்களே தேடிப் போங்கள்.

பெங்களூர் வாசகர்: முத்திரை இருந்தும் செல்லாது என்று சொல்லும் ஊர் உண்டா?

கொசோவோ. 2008இல் தனி நாடென்று அறிவித்துக்கொண்டது. செர்பியா இன்றுவரை ஏற்கவில்லை, இந்தியாவும்தான். நீங்கள் விமானத்தில் கொசோவோ போய் இறங்கி, அங்கிருந்து நேராக செர்பியாவுக்குள் தரைவழியாகப் போனால், "எங்கள் நாட்டுக்குள் எப்போது நுழைந்தாய்? முத்திரை எங்கே?" என்பார்கள். வடக்கு மாசிடோனியா வழியாகச் சுற்றிக்கொண்டு போங்கள்.

ஈரோடு வாசகர்: பாங்காக் போனது மனைவிக்குத் தெரியக் கூடாது. அந்த ஒரு பக்கத்தை மட்டும்...

கிழிக்காதீர்கள். இப்படிக் கிழித்தவர்கள் மும்பை விமான நிலையத்தில் கைதாகி, செய்தி நாளிதழ்களில் வந்தது. மனைவியோடு சேர்த்து மாநிலமே படித்தது.

கொழும்பு வாசகி: பெருவில் மச்சு பிச்சுவில் நினைவுச் சின்னமாக பாஸ்போர்ட்டில் முத்திரை போட்டுக்கொள்ளலாமாமே?

போடுகிறார்கள். அழகாகவும் இருக்கிறது. நோட்டுப் புத்தகத்தில் போட்டுக்கொள்ளுங்கள். அரசு தராத முத்திரை இருந்தால் பாஸ்போர்ட்டை ஏற்க மறுக்க அடுத்த நாட்டு அதிகாரிக்கு ஒரு காரணம் கிடைத்துவிடும்.

பாரிஸ் வாசகர்: ஐரோப்பாவிலும் முத்திரை போய்விடுமா?

போய்க்கொண்டிருக்கிறது. 2025 அக்டோபர் 12 முதல் ஷெங்கன் எல்லைகளில் விரல்ரேகை, முகப்படம் எடுத்துக் கணினியில் பதியத் தொடங்கிவிட்டார்கள். முத்திரை இல்லாவிட்டால் கூடுதலாகத் தங்கியவர் என்றே அனுமானிக்கலாம் என்பது அங்கே சட்டம். ஆனால் டிக்கெட்டையோ வேறு சான்றையோ காட்டி அதை உடைக்க வழியும் வைத்திருக்கிறார்கள். அந்த நியாயத்தை ஆசிய நாடுகளும் எழுதி வைக்கலாம்.

மலாக்கா வாசகர்: கவுன்டரில் முத்திரை விழவில்லை என்று தெரிந்தால் உடனே என்ன செய்ய?

கட்டடத்தை விட்டு வெளியே வராதீர்கள். அங்கேயே, அதே கவுன்டரில் சொல்லுங்கள். பேருந்து போனால் இன்னொன்று வரும். தேதி சரியா, நாள் எண்ணிக்கை சரியா, பிள்ளைகளுடையதிலும் விழுந்ததா என்று நின்று பாருங்கள். பின்னால் இருப்பவர் முணுமுணுக்கட்டும். தானியங்கிக் கதவில் மை கிடையாது. ஆகவே டிக்கெட், வருகை அட்டை மின்னஞ்சல் எல்லாவற்றையும் ஊர் திரும்பும் வரை வைத்திருங்கள்.

விழுப்புரம் வாசகி: தம்பியை எல்லையில் பிடித்து வைத்திருப்பதாகத் தகவல். யாரிடம் போய் நிற்பது?

அம்மா, முதலில் அந்நாட்டிலுள்ள இந்தியத் தூதரகத்துக்கு அவர் பெயர், பாஸ்போர்ட் எண், பிடித்த இடம் மூன்றையும் எழுதி அனுப்புங்கள். பாஸ்போர்ட் நகல் வீட்டில் இருக்கும், தேடுங்கள். 1963 வியன்னா தூதரக உறவு ஒப்பந்தத்தின் 36ஆம் பிரிவு தம்பிக்கு ஓர் உரிமை தருகிறது. தன்னைப் பிடித்து வைத்திருப்பதைத் தன் நாட்டுத் தூதரகத்துக்குத் தெரிவிக்கும்படி அவர் கேட்கலாம். கேட்டால் தாமதமில்லாமல் தெரிவிக்க வேண்டும். அவர் கேட்க வேண்டும் என்பதுதான் முக்கியம். வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கும் எல்லோரும் இந்த ஒரு வரியை இன்று ராத்திரி தொலைபேசியில் சொல்லிவிடுங்கள்.